ரெண்டு வீடு தள்ளி

— சரியா ஞாபகம் இருக்கான்னு கேட்டீங்கன்னா... இல்லன்னுதான் சொல்லணும் மேடம். கோர்ட்டுக்குப் போன அன்னிக்கு மழை பேஞ்சுதுன்னு நெனைக்கிறேன். ஆனா பங்குனியில எங்க மழை பேயும்? அப்ப பேஞ்சிருக்காது. எம் பொடவை நனைஞ்சிருந்துச்சு. அது மட்டும் தெரியுது.

— பரவாயில்லைங்கம்மா. ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொல்லுங்க.

— தப்பா சொன்னா உள்ள தள்ளிருவீங்களா?

— நான் போலீஸ் இல்லைங்கம்மா. பேரு ரஞ்சிதா. கிருஷ்ணகிரியில குழந்தைகள் நலக் குழு இருக்குல்ல, அதுக்காக வீடு வீடாப் போய் விசாரிக்கிறவ.

— தெரியும், தெரியும். கமிட்டி. மூணு தடவ வந்தேனே. மூணு தடவையும் வெளிய பெஞ்சுல ஒக்கார வெச்சு, சாயங்காலமா போயிட்டு வாங்கம்மான்னு அனுப்பிட்டாங்க.

— நீங்க குடுத்த மனுவைப் பாத்தேன். 'கெம்பம்மா ஆகிய நான்'னு ஆரம்பிக்குது. சத்யப்ரியாவை உங்ககிட்ட வளக்கக் குடுக்கச் சொல்லி.

— ஜெராக்ஸ் கடைக்காரரு எழுதுனது. நான் சொன்னது ஒண்ணு, அவரு எழுதுனது ஒண்ணு. தாழ்மையுடன், தாழ்மையுடன்னு நாலு எடத்துல போட்டிருந்தாரு. எதுக்குங்க இத்தன தாழ்மைன்னு கேட்டேன். கமிட்டிக்கு அப்படித்தான் எழுதணுமாம்.

— அதைப் பத்தித்தான் பேச வந்தேன்.

— அப்ப ஒக்காருங்க. அந்தப் பலகையாண்ட வேணாம், ஊதுபத்தி மாவு ஒட்டிக்கும். ஒட்டுனா துணியில கருப்பு போகாது. இப்படிப் பாய் மேல வாங்க. காப்பி வெக்கட்டா?

— வேணாங்கம்மா.

— குடிச்சா வேலையில இருந்து தூக்கிருவாங்களா?

— விசாரிக்கப் போற வீட்ல எதுவும் வாங்கிக் குடிக்காதேன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க.

— தண்ணி?

— தண்ணி குடுங்க.

— ஞாயித்துக்கெழம கூட வேலையா உங்களுக்கு?

— சில சமயம்.

— எந்த ஊரு?

— மத்தூரு.

— மத்தூரா... பஸ்ஸுலயே பாதி ஆயுசு போயிருமே. கல்யாணம் ஆச்சா?

— அம்மா, நான் கேக்கணும், நீங்க சொல்லணும்.

— கேளுங்க. நான் உருட்டினே சொல்றேன். கை நின்னா வாயும் நின்னுரும் எனக்கு.

— சத்யப்ரியாவை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?

— ரெண்டு வூடு தள்ளி இருந்தாங்க.

— ம்.

— அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான் மேடம். அப்பன் பூபதிக்கு பைக்குக்கு பார்ட்ஸ் செய்யுற கம்பெனியில வேலை. அம்மா ஜோதிமணி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. அவன் துறையூரு, அவ குளித்தலை. நான் இங்க ஊதுபத்தி உருட்டினு கெடந்தேன். போறப்ப வரப்ப மூஞ்சியப் பாத்துக்குவோம்.

— போறப்ப வரப்ப மூஞ்சியைப் பாத்த பொண்ணை வளக்கக் குடுங்கன்னு யாராவது மனு குடுப்பாங்களா?

— ...

— அம்மா.

— நீங்க அந்தப் பழைய கேஸ்கட்டைப் படிச்சிட்டு வந்திருக்கீங்க.

— படிச்சேன்.

— அப்பறம் எதுக்குக் கேக்கறீங்க? நான் சொன்னது எல்லாம் அதுலயே டைப் அடிச்சு இருக்குமே.

— அதுல இருக்கிறது கோர்ட்டுல சொன்னது.

— கோர்ட்டுல சொன்னதை மாத்திச் சொன்னா ஜெயிலாம். பாஸ்கரன் சொன்னாரு.

— பாஸ்கரன் யாரு?

— ஜோதிமணி வக்கீலோட குமாஸ்தா. கமிட்டிக்கு மனு குடுக்கறதுக்கு மின்னாடி அவர்கிட்டதான் போனேன். நீ அன்னிக்கு சத்தியம் பண்ணி அந்தப் புள்ளைய நான் வளக்கலன்னு சொன்னவ. இன்னிக்கு நான்தான் வளத்தேன்னு சொன்னா, ஒண்ணு அன்னிக்குப் பொய், இல்ல இன்னிக்குப் பொய். எந்தப் பக்கம் போனாலும் மாட்டுவ, பேசாம வூட்ல இரும்மான்னாரு. அன்னிக்கு எனக்கு சொல்லிக் குடுத்ததே அவருதான்.

— என் பை மூடித்தாங்க இருக்கு. பேனாவைக்கூட வெளிய எடுக்கல.

— மூடுன பை தொறக்க எவ்வளவு நேரம் ஆவும்?

— ...

— கோவிச்சிக்கிட்டீங்களா?

— இல்லைங்கம்மா. ஃபேன் நின்னுடுச்சேன்னு பாத்தேன்.

— ரெண்டு மணி ஆயிடுச்சு. தெனமும் இந்நேரத்துக்கு கரண்டு போயிரும். சிப்காட்டுல கம்பெனிக்கே கரண்டு இல்லாம வாரத்துல ஒரு நாள் மூடிடறாங்களாம், நமக்கு எங்கருந்து வரும். அந்த அட்டையை எடுத்து விசிறிக்கங்க.

— பாப்பாவுக்கு சாப்பாட்டுல என்ன புடிக்கும்?

— இது ஒரு கேள்வியா?

— தெரியும்னா சொல்லுங்க.

— களி. அதுவும் பெரிய உருண்டையா வெச்சா தொடாது. கோலிகுண்டு மாதிரி குட்டிக் குட்டியா உருட்டித் தட்டுல சுத்தி வெக்கணும். நடுவுல கீரை. கீரை களியைத் தொட்டுச்சுன்னா அந்த உருண்டைய எனக்கு ஊட்டிட்டு மத்ததைத் தின்னும்.

— அப்புறம்?

— எடது காது வலிக்கும், குளிர் காலத்துல. தலைக்கு ஊத்துனா துணி சுருட்டி காதுல வெக்கணும். எங்கிட்ட கன்னடத்துல பேசும், அம்மாகிட்ட தமிழ்ல பேசும். கோவம் வந்தா ரெண்டுலயும் பேசாது. தூங்கறப்ப எங் காது மடலைப் புடிச்சினுதான் தூங்கும். நான் பொறண்டு படுத்தா முழிச்சிக்கும். அஞ்சு வருசம் ஒரே பக்கமா படுத்து இந்தத் தோள்பட்டை இன்னிக்கும் தூக்க முடியல...

— ரெண்டு வீடு தள்ளி இருந்த புள்ளைக்கு.

— மாட்டி வுட்டீங்க இல்ல?

— நான் கேட்டேன். நீங்க சொன்னீங்க.

— மத்தூருக்காரிக்கு இவ்வளவு சாமர்த்தியம் ஆவாது.

— எப்ப ஆரம்பிச்சது?

— ஜோதிமணிக்குப் பிரசவ லீவு மூணு மாசம். லீவு முடிஞ்ச மறுநாளு. காலைல அஞ்சரைக்கு ரோட்டுல கம்பெனி பஸ்ஸு ஹாரன் அடிப்பான். ஒரு தடவ, ரெண்டு தடவ. மூணாவதுக்கு நிக்க மாட்டான். அவ போர்வையோட தூக்கினு வந்து எம் பாயில போட்டுட்டு ஓடுவா. கதவை நான் சாத்தறதே இல்ல. அவளுக்கு ரெண்டாவது ஷிப்டுன்னா ராத்திரி பத்தரை வரைக்கும் இங்கதான். பூபதிக்கு மூணு ஷிப்டும் மாறி மாறி வரும். நைட்டு பாத்துட்டு வந்தான்னா பகல்ல தூங்கணும், புள்ள சத்தம் போடக் கூடாது. அதுக்கும் இங்கதான்.

— அப்படின்னா எப்பத்தான் அவங்க வீட்ல இருந்தா?

— அதைத்தான் நானும் கணக்கு போட்டுப் பாக்கறது. சட்டை துணியெல்லாம் அங்க இருந்துச்சு. அவ இங்க இருந்தா. அவங்களைக் குத்தம் சொல்லல மேடம். ஊரை வுட்டு வந்து ஆள் தெரியாத எடத்துல வேற என்ன பண்ணுவாங்க? எனக்குப் புள்ள இல்ல. வூட்டுக்காரரு போயிட்டாரு. அந்த ஹாரன் சத்தம் கேட்டா நான் எழுந்து ஒக்காந்திருப்பேன். லீவு நாள்ல ஹாரன் அடிக்காதா... அன்னிக்குப் பொழுதே விடியாது.

— அப்புறம் அவங்க பிரிஞ்சாங்க.

— என்ன சண்டைன்னு கேக்காதீங்க. எந்த வூட்லதான் இல்ல. ஒரு நாள் பூபதி பெட்டியைத் தூக்கினு பேச்சிலர் ரூமுக்குப் போயிட்டான். ரெண்டு மாசத்துல கிருஷ்ணகிரி கோர்ட்டுலருந்து நோட்டீஸு. புள்ளைய அவன்கிட்ட ஒப்படைக்கணும்னு கேஸு போட்டிருக்கான்.

— மனுவுல என்ன எழுதியிருந்தாருன்னு தெரியுமா உங்களுக்கு?

— தெரியாம என்ன? என்னைப் பத்தித்தான் எழுதியிருந்தான். தாயார் குழந்தையைக் கவனிப்பதில்லை, யாரோ ஒரு வெளிப் பொம்பளைகிட்ட வுட்டுட்டுப் போயிடறா, அவ ஊதுபத்தி மாவுக்குள்ள போட்டு வளக்கறா, குழந்தைக்கு மூச்சு எரைக்குதுன்னு. எரைக்கவே இல்ல மேடம் ஒரு நாளும்.

— அவரும்தான கொண்டாந்து விட்டாரு.

— அவன் நைட்டு முடிச்சிட்டு வந்து வுட்ட நாளுதான் நெறைய. நான் அதைச் சொன்னேன் பாஸ்கரன்கிட்ட. அவரு சிரிச்சாரு. யாரு வுட்டாங்கங்கறது கேள்வி இல்லம்மா, வுட்டாங்களா இல்லையாங்கறதுதான் கேள்வி. வுட்டாங்கன்னு நீ ஒத்துக்கிட்டா அம்மா மேல தப்பு ஆயிரும், புள்ள அவன் கைக்குப் போயிரும்னாரு.

— அதனால...

— ஒரு வாரம் சொல்லிக் குடுத்தாரு. பேரு என்ன? கெம்பம்மா. எங்க இருக்க? ரெண்டு வூடு தள்ளி. குழந்தைக்கு சாப்பாடு குடுத்திருக்கியா? இல்லீங்க. தூங்க வெச்சிருக்கியா? இல்லீங்க. யாரு பாத்துக்கறாங்க? பெத்த தாயிதாங்க. இதைச் சொல்றப்ப பாப்பா எந் தொடை மேலதான் ஒக்காந்து களி தின்னுனு இருந்தா.

— அவ கேட்டாளா?

— கேட்டா. வெளையாட்டுன்னு நெனச்சா. அவளும் 'இல்லீங்க, இல்லீங்க'ன்னு சொல்லினு சிரிச்சா. குடிங்க தண்ணிய. கையிலயே வெச்சினு இருக்கீங்க.

— நீங்க எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?

— ஜோதிமணி வந்து ஒக்காந்தா. நீங்க ஒக்காந்திருக்கற இதே எடம். 'அக்கா, எங்கிட்ட குடுத்தாதான் பாப்பா உங்ககிட்ட இருப்பா. நீங்க இல்லாம நான் எப்படிக்கா ஷிப்டுக்குப் போவேன்'னா. சரியாத்தான் சொன்னா. நான் யாருக்காகவும் சொல்லல மேடம். எனக்காகத்தான் சொன்னேன்.

— கேஸ் நடக்கும்போது அவர் வந்து பாப்பாவைப் பாக்கலாம்னு இடைக்கால ஆர்டர் ஒண்ணு இருக்கே.

— ரெண்டாவது சனிக்கெழம ரெண்டு மணி நேரம். கோர்ட்டு வளாகத்துக்குள்ளயே. அதுக்கு யாரு கூட்டினு போனாங்கன்னு அதுல எழுதியிருக்கா?

— தாயார் தரப்பில் குழந்தை அழைத்து வரப்பட்டதுன்னு இருக்கு.

— தாயார் தரப்பு நான்தான். ஜோதிமணிக்கு அன்னிக்கு லீவு கெடைக்காது. பூபதி பிஸ்கட்டு பாக்கெட்டை வெச்சினு சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட நிப்பான். பாப்பா அவன்கிட்ட போகாது. எங் கால் இடுக்குல பூந்துக்கும். நான்தான் 'அது அப்பா, போ, ஒக்காரு'ன்னு தள்ளி வுடுவேன். தள்ளி வுட்டுட்டு அந்தாண்ட திரும்பி நிப்பேன். பாஸ்கரன் சொல்லியிருந்தாரு, கோர்ட்டு ஆளுங்க கண்ணுல படாத நில்லுன்னு.

— பூபதி உங்ககிட்ட எதுவும் பேச மாட்டாரா?

— ஒரே ஒரு தடவ. 'எடது காதுக்கு துணி வெக்கறீங்களா'ன்னு கேட்டான். அவனுக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க.

— விசாரணை அன்னைக்கு என்ன ஆச்சு?

— அதான் சொன்னேனே, சரியா ஞாபகம் இல்லன்னு.

— புடவை நனைஞ்சிருந்ததுன்னீங்க.

— ஆமா. அது மழை இல்ல. இப்பத் தெரியுது. காலைல பத்தரையில இருந்து வராண்டாவுல ஒக்காந்திருந்தோம். கருப்புக் கோட்டு போட்டவங்க அத்தன பேரைப் பாத்ததும் பாப்பா பயந்துட்டா. எம் மடி மேல ஏறி ஒக்காந்தவ எறங்கவே இல்ல. ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லக்கூட பயம். மடியிலயே போயிட்டா. பாஸ்கரன் ஓடியாந்து, மடியில வெச்சினு இருக்கியேம்மா, கெடுத்தியே காரியத்தன்னு புள்ளையப் புடுங்கினு போய் ஜோதிமணி பக்கத்துல நிக்க வெச்சாரு. அந்த ஈரத்தோடதான் கூண்டுல ஏறுனேன்.

— மொதல்ல பாப்பாவைத்தான ஜட்ஜ் கூப்பிட்டாரு?

— உள்ள, தனி ரூம்புக்கு. அப்பனும் வரக் கூடாது, அம்மாவும் வரக் கூடாது. அதான் சட்டமாம். கால் மணி நேரம் இருக்கும். வெளிய வர்றப்ப கையில ஒரு சாக்லேட்டு. பிரிக்கல. அப்படியே மூடினு இருந்தா.

— அப்புறம் உங்களைக் கூப்பிட்டாங்க.

— கூப்பிட்டாங்க. சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னேன். பூபதி வக்கீல் கத்துனாரு. சனிக்கெழம சனிக்கெழம நீதானம்மா கூட்டினு வந்தன்னாரு. பஸ்ஸுக்குத் தொணையா வந்தேன்னேன். அதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு வக்கீல் திரும்பிப் பாக்கறாரு, பூபதி தலையைக் குனிஞ்சினு நிக்கறான். ஒண்ணும் சொல்லல அவன். ஏன் சொல்லலன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— ஜட்ஜ் எதுவும் கேக்கலையா?

— ஞாபகம் இல்ல மேடம்.

— ரெண்டு கேள்வி கேட்டாருன்னு ரெக்கார்டுல இருக்கு. ரெண்டாவதுக்குப் பதில், 'சாட்சி மறுத்தார்'னு மட்டும்தான் இருக்கு. என்ன சொல்லி மறுத்தீங்கன்னு இல்ல.

— ஞாபகம் இல்லன்னு சொல்றேன்ல?

— சரிங்கம்மா.

— குச்சி ஒடஞ்சு போச்சு பாருங்க. பேச்சுக் குடுத்தே கெடுத்துட்டீங்க.

— விட்டுருவோம். அதுக்கு அப்புறம் சொல்லுங்க.

— அதுக்கு அப்பறம் என்ன? மூணு மாசத்துல ஆர்டரு. புள்ள அம்மாவுக்கு. பூபதி அப்பீல் கிப்பீல்னு எதுக்கும் போகல. ஜோதிமணி லட்டு வாங்கினு வந்து குடுத்தா. பத்தாவது நாள் மினி லாரி வந்து நின்னுச்சு. குளித்தலையில அண்ணன் வூட்டோட போறாளாம். ஏண்டி, இங்கதான இருப்பன்னு சொன்னன்னு கேட்டேன். வேலைய வுட்டுட்டேன்க்கா, அண்ணன் கூப்புடுதுன்னா. போனாங்க.

— நீங்க கேட்டிருக்கலாமே. வந்து பாக்கறேன்னு.

— எப்படிக் கேக்கறது? கோர்ட்டுக்குப் போலாமான்னு பாஸ்கரனைக் கேட்டேன். நீ அந்தப் புள்ளைக்கு யாரும்மான்னாரு. அதுக்கப்பறம் நடந்தது உங்களுக்குத்தான் தெரியும். அவ திருப்பூருல இன்னொருத்தனைக் கட்டிக்கினா. புள்ளைய அண்ணன் வூட்லயே வுட்டுட்டா. அண்ணி பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு வூட்டு வேலைக்கு வெச்சினா. எனக்கு இதெல்லாம் அந்தப் பெஞ்சுல ஒக்காந்திருக்கறப்ப உங்க ஆபீஸ் ஆயாம்மா சொல்லித் தெரிஞ்சது.

— ஆடி மாசம் சேலத்துலருந்து ஓசூர் வர்ற பஸ்ல தனியா வந்திருக்கா. கண்டக்டர் கேட்டிருக்காரு, யார்கூட வந்தன்னு. பதில் இல்ல. ஸ்டாண்டுல போலீஸ்கிட்ட விட்டுட்டாரு. மறுநாள் கமிட்டி முன்னாடி கொண்டாந்தாங்க.

— போலீஸு இங்க வந்து விசாரிச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது. எங்க போறன்னு கேட்டதுக்கு இந்த எடத்தைத்தான சொன்னா? இந்த லைன் வூட்டை? கறுப்பு கேட்டு, ஊதுபத்தி வாசனை வரும்னு சொன்னாளாமே.

— ஆமா.

— அப்ப எங்கிட்டதான வந்தா? ஒம்பது வயசுப் பொண்ணு மூணு பஸ்ஸு மாறி. ஸ்டாண்டுலருந்து இங்க நாலு கிலோமீட்டரு. யாராவது ஒருத்தரு கூட்டினு வந்து காட்டியிருந்தா என்ன?

— அப்படி விட முடியாதுங்கம்மா. தனியா கெடைச்ச குழந்தையை ஒரு நாளைக்குள்ள கமிட்டிக்குக் கொண்டுவரணும். கமிட்டி ஹோம்ல வெச்சிட்டு மொதல்ல பெத்தவங்களுக்கு ஆள் அனுப்பும். அவங்க வரலைன்னா, வந்து வேணாம்னா, அப்புறம் சொந்தம். சொந்தமும் இல்லைன்னாத்தான் வெளியாளு. வெளியாளுன்னா வீட்டைப் பாக்கணும், வருமானம் பாக்கணும், அக்கம்பக்கம் கேக்கணும்.

— நான் கடைசி வரிசை.

— கடைசி வரிசை.

— மூணாவது தடவ வந்தப்ப ஜன்னல் வழியா பாத்தேன் மேடம். முதுகுதான் தெரிஞ்சுது. முடியை ஒட்ட வெட்டியிருந்தாங்க. பாப்பான்னு கூப்பிடலாம்னு வாயைத் தொறந்தேன்... வரல.

— ஏன்?

— திரும்பிப் பாத்துட்டான்னா?

— ...

— நீங்க அவகிட்ட தனியா பேசியிருப்பீங்க இல்ல? நீங்கள்லாம் தனியாத்தான கேப்பீங்க?

— பேசினேன்.

— என்னைப் பத்தி என்ன சொன்னா?

— மொதல்ல நீங்க சொல்லி முடிங்கம்மா.

— முடிச்சிட்டேனே.

— முடிக்கலை.

— ரெண்டாவது கேள்வி.

— ம்.

— பாப்பாவும் அங்கதான் நின்னுனு இருந்தா. ஜட்ஜு மேசைக்குப் பக்கத்துல, ஸ்டெனோ சேருக்கு இந்தாண்ட. யாரும் அவளை வெளிய கூட்டினு போகல. ஜட்ஜு நல்ல மனுசன். கத்தல. 'ஏம்மா, குழந்தை உள்ள எங்கிட்ட வேற சொல்லுதே. சோறு ஊட்டறதும் கெம்பம்மா, தூங்க வெக்கறதும் கெம்பம்மான்னு சொல்லுதே. நீ என்ன சொல்ற'ன்னாரு.

— நீங்க?

— இதை பாஸ்கரன் சொல்லிக் குடுக்கல. இந்தக் கேள்வி வரும்னு அவருக்கே தெரியாது. ஜோதிமணியப் பாத்தேன். அவ கண்ணை மூடினு நிக்கறா. பாப்பாவைப் பாத்தேன். அவ என்னைப் பாத்து... சிரிக்கிற மாதிரி. நெஜத்தைச் சொல்லிட்டேன், சரியாங்கற மாதிரி.

— ...

— 'அது பொய் சொல்லும் சார்'னு சொன்னேன். சின்னதுல இருந்தே பொய் சொல்லும்னு சொன்னேன். ஒரு தடவ கேட்டாரு, ரெண்டு தடவ சொன்னேன்.

— ...

— அன்னிக்கு ராத்திரி அவளுக்கு ரெண்டாவது ஷிப்டு. கோர்ட்டு முடிஞ்சு நேரா கம்பெனிக்குப் போயிட்டா. பாப்பா எம் பாயிலதான் படுத்தா. நான் அந்தத் தோள் பக்கமா படுத்துக் காத்துனு இருந்தேன். காதைத் தொடவே இல்ல மேடம். செவுத்துப் பக்கம் திரும்பிக்கினா. ஊரை வுட்டுப் போற வரைக்கும் அப்படித்தான். வருவா, திம்பா, தூங்குவா. பேச்சு இல்ல. கன்னடமும் இல்ல, தமிழும் இல்ல.

— இதை நீங்க வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?

— யார்கிட்ட சொல்றது? நாலரை வருசம் ஆச்சு. எனக்கே அதை ஞாபகம் இல்லன்னு சொல்லிச் சொல்லி... பாதி நெஜமாவே போயிடுச்சு. எழுதிக்கங்க மேடம். பையைத் தொறங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய், பாப்பா சொன்னது நெஜம்னு எழுதுங்க. ஜெயிலுன்னா போறேன். எத்தன மாசம் போடுவாங்க? போயிட்டு வந்து கூட்டிக்கறேன். அது வரைக்கும் ஹோமுலயே இருக்கட்டும். எங்க கையெழுத்து போடணும்? எனக்குப் போடத் தெரியாது, ரேகைதான். இருங்க, கைய கழுவினு வரேன், மாவு ஒட்டும்.

— ஒக்காருங்கம்மா. ரேகை வேணாம். ஆர்டர் போன செவ்வாக்கிழமையே போட்டாச்சு.

— ...

— பூபதி வந்து, நான் அப்பா, வேலை இருக்கு, எனக்குக் குடுங்கன்னு எழுதிக் குடுத்தார். அதுக்கு மேல கமிட்டி எதையும் பாக்க வேண்டியதில்ல. உங்க மனுவை ரத்த சம்பந்தம் இல்லைன்னு ஒரே வரியில தள்ளிட்டாங்க.

— அப்ப இவ்வளவு நேரம் எதுக்குங்க எங்கிட்ட கேட்டீங்க?

— பாப்பா கேக்கச் சொன்னாங்கம்மா. நான் ஆபீஸ் வேலையா வரல. ஹோம்லருந்து அவ கிளம்புறப்ப உனக்கு எதுவும் வேணுமான்னு கேட்டேன். 'கெம்பம்மாவைப் போய்க் கேளுங்க மேடம், நான் பொய் சொல்றவளான்னு. நான் இல்லாதப்ப கேளுங்க. நான் நின்னா அவங்களால சொல்ல முடியாது'ன்னா. வந்து பதில் சொல்றேன்னு சொல்லி அனுப்பினேன், ஆனா அவ போன ஜில்லாவுக்கு நான் போக முடியாது, ஃபைலும் முடிஞ்சுபோச்சு. பூபதி ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டார், பாப்பா இப்ப துறையூர்ல அந்த மாமியார் வீட்ல இருக்கா. அங்க அவர் சம்சாரம் பிரசவத்துக்கு வந்திருக்காங்க, கூடமாட ஆள் வேணும்னுதான் கேட்டு வாங்கிட்டுப் போனார். அவர் இங்கதான் இருக்கார், அதே கம்பெனி, இந்த வாரம் நைட்டு. ஜோதிமணி குழந்தை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு அன்னைக்கே திருப்பூர் பஸ் ஏறிட்டாங்க. பாப்பாவுக்குப் பதிலை இனி நீங்கதான் போய்ச் சொல்லணும்மா.